அனுப்பியதும் வந்ததும்

"நோர்வே" என்றார் லெஸ்லி. பாலையூற்றுக் கோயிலில் முதல் பூசை முடிந்து வந்து, நீளக் காற்சட்டையைக்கூட மாற்றாமல், மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் குசினியில் அப்பச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி வந்து பேனையை எடுத்தேன். 1963ஆம் ஆண்டு, மே மாதம். யன்னலுக்கு வெளியே வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. அவர் ஒரு புத்தகத்தைப் பார்த்து ஒரு தொகையைச் சொன்னார். கறுப்பு மையில் எழுதினேன். மற்றப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு துண்டுத் தாளில் பெருக்கிப் பார்த்து, இன்னொரு தொகையைச் சொன்னார். அதற்கு நேர் கீழே சிவப்பு மையில் எழுதினேன். "சுவீடன்" என்றார். பிறகு "பின்லாந்து". அப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

எங்களுக்குக் கலியாணமாகி எட்டு வருடம். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். நான்கு பெரிய தாள்களை ஒட்டி லெஸ்லி ஓர் அட்டவணை செய்திருந்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆண்டுகள், 1950 முதல். மேலே நாடுகளின் பெயர்கள்: நோர்வே, சுவீடன், பின்லாந்து, கனடா, இங்கிலாந்து, இந்தியா, ஜப்பான். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு தொகைகள். அந்த ஆண்டில் அந்த நாட்டிலிருந்து இத்தனை ரூபாய்க்குக் கடதாசி வந்தது என்று எங்கள் நாட்டின் அறிக்கை சொல்வது கறுப்பு. இத்தனைக்கு அனுப்பினோம் என்று அந்த நாடு சொல்வது சிவப்பு. யாரும் கேட்டு அவர் செய்த வேலை அல்ல. ஹார்கிறேவ் என்ற கப்பல் முகவர் கம்பனியில் அவர் கிட்டங்கிக் கிளாக்கர். துறைமுகக் கரையில் தகரக் கூரை போட்ட அந்த நீளமான கிட்டங்கிக்குள் தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே விரிக்கும் கடதாசி, அச்சுக்கூடங்களுக்குப் போகும் வெள்ளைக் கடதாசி, வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வைக்கோலோடு கலக்கும் மரக்கூழ், சீமெந்துப் பை செய்கிற மண்ணிறக் கடதாசி என்று எல்லாம் வந்து தங்கிப் போகும். மண்ணிறக் கடதாசி ஆள் உயர உருளைகளாக வரும். நோர்வே உருளைகள் முழுவதும் எங்கள் கம்பனி வழியாகத்தான் நாட்டுக்குள் வந்தன. ஆகையால் அட்டவணையில் நோர்வே என்று எழுதியிருந்த நிரலை லெஸ்லி தன் சொந்தக் காணி போலப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய எழுத்தைக் கோழி கிளறியது என்றுதான் சொல்லவேண்டும். என்னுடையது கன்னியாஸ்திரிமார் பிரம்போடு நின்று பழக்கிய எழுத்து. அதனால் எழுதுவது என் பொறுப்பாயிற்று.

"மற்ற ஆம்பிளையள் ஞாயிறெண்டா சீட்டு விளையாடப் போகினம்" என்று ஒருநாள் சொன்னேன்.

"இதுவும் சீட்டுத்தான். ரெண்டு பேர் தங்கட கையைக் காட்டினம். ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை. ஆனா ரெண்டும் ஒண்டாயும் இல்லை. பாரும்."

பார்க்கப் பார்க்க எனக்கும் அது பிடித்துக்கொண்டது. கறுப்பு எப்போதும் சிவப்பைவிடக் கொஞ்சம் கூடவாக இருக்கும். அங்கே கப்பலில் ஏற்றும்போது என்ன பெறுமதியோ அது அவர்களுடைய தொகை. கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்து இங்கே வந்து இறங்கும்போது என்ன பெறுமதியோ அது எங்களுடையது. இரண்டுக்கும் இடையில் உள்ளதுதான் கடல் என்பார் லெஸ்லி. நோர்வேக்குப் பத்தில் ஒரு பங்கு கடல். இந்தியாவுக்குக் கொஞ்சக் கடல். கனடாவுக்கு நிறையக் கடல். இங்கிலாந்தின் நிரல் 1957இல் அவர்களுடைய கடற்படைக்காரர் துறைமுகத்தைவிட்டுப் போன பிறகு மெல்லமெல்ல வற்றியது. ஜப்பானின் நிரல் ஒரு சின்னத் தொகையில் தொடங்கி, ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தடித்துக்கொண்டு போனது. நான் ஒருநாள் அந்தக் கறுப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கட தொகையள் வருசா வருசம் ஏறுது. கடையில பள்ளிக்கூடக் கொப்பி மட்டும் மெலிஞ்சுகொண்டு வருது" என்றேன். லெஸ்லி பென்சிலைக் கீழே வைத்தார். "இதை நீர் முதலிலேயே சொல்லியிருந்தா பதின்மூண்டு வருசத்தையும் திருப்பிச் செய்யத் தேவையில்லை" என்றார். விலையும் பாரமும் வேறுவேறு; ஏறியது விலை, கடதாசி அல்ல. அடுத்த ஆறு ஞாயிறுகள் இருந்து, ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றாவதாகப் பென்சிலால் எத்தனை தொன் என்பதையும் எழுதினோம். பென்சில் வரிசை பெரிதாக ஏறவில்லை. சில இடங்களில் இறங்கியிருந்தது.

டிசம்பர்தான் அவருக்குப் பிடித்தமான மாதம். நோர்வேயிலிருந்து கப்பல் வர ஆறு கிழமைக்கு மேல் எடுக்கும். டிசம்பரில் அங்கே ஏற்றியது இங்கே பெப்ரவரியில் இறங்கும். அந்த நாட்டின் அறிக்கையில் அது பழைய ஆண்டு. எங்களுடைய அறிக்கையில் புதிய ஆண்டு. "டிசம்பர் முப்பத்தொண்டாந் திகதி அந்தக் கடதாசி எந்த நாட்டில இருக்கு, சொல்லும் பாப்பம்?" என்று கேட்பார். நான் அப்பச்சட்டியைத் துடைத்தபடி யோசிப்பேன். பனி விழும் ஒரு கரையில் "போய்விட்டது" என்று எழுதியிருப்பார்கள். எங்கள் கரையில் "வரவில்லை" என்று இருக்கும். இரண்டு புத்தகங்களிலும் இல்லாமல், இருட்டான ஒரு கப்பல் வயிற்றுக்குள், நூற்றுக்கணக்கான உருளைகள் நிமிர்ந்து நின்றபடி ஆடிக்கொண்டு வரும். அட்டவணையின் பின்பக்கத்தில் அப்படிக் கடலில் இருந்தவற்றைக் கப்பல் கப்பலாக எழுதிவைத்தோம். சில வேளை, இங்கே இறக்கவேண்டிய உருளைகளில் சில மறதியில் கப்பலோடேயே ரங்கூனுக்கோ கல்கத்தாவுக்கோ போய், நான்கு மாதம் கழித்துத் திரும்பி வருவதும் உண்டு. அவற்றுக்கும் ஒரு வரிசை இருந்தது. "கப்பலோடு போனவை" என்று அதற்குத் தலைப்பு.

1964 டிசம்பர் இருபத்திரண்டாம் திகதிப் புயலைப் பற்றித் திருகோணமலையில் யாருக்கும் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எங்கள் ஓடுகள் போயின. நான் கோயிலுக்குள் இருந்தேன். அன்று கிட்டங்கிக்குப் போன லெஸ்லி திரும்பி வரவில்லை. மறுநாள் மத்தியானம் நான்கு பேர் அவரை ஒரு கதவில் வைத்துத் தூக்கி வந்தார்கள். விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்து வந்திருந்ததால் களைத்துப் போயிருந்தார்கள். கழுத்திலிருந்து கால்வரை அவரை மண்ணிறக் கடதாசியால் சுற்றித் தும்புக் கயிற்றால் கட்டியிருந்தது. தகரம் விழுந்தது என்று மட்டும் சொன்னார்கள். வெகு நேர்த்தியாக, மூலைகளை மடித்து, ஒரு பொதியைப்போலச் சுற்றியிருந்தார்கள். கம்பனி செய்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒழுங்குக்காகக் கம்பனிக்கு மனதுக்குள் நன்றி சொன்னதும் நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு ஜூலையில் பாக்கியரத்தினத்தார் வீட்டுக்கு வந்தார். கம்பனியின் திருகோணமலைக் கந்தோரில் அவர்தான் தலைமைக் கிளாக்கர். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. குடையை மடித்துச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"கொழும்பில இருந்து கடிதம் வந்திருக்கு, பிள்ளை. நோர்வேக்காரர் போன வருசம் அனுப்பின கணக்கும் நாங்கள் எடுத்த கணக்கும் பொருந்தேல்லையாம். எங்கட தொகை குறைஞ்சுபோச்சு."

"குறையாது ஐயா. எங்கடது எப்பவும் கூடத்தான் இருக்கும்."

"அதுதான் கதை. பதினாலு வருசத்தில முதல்முறை குறைஞ்சிருக்கு. கிட்டங்கித் திறப்பு ஆரிட்ட இருந்தது எண்டு கேக்கினம்."

அவர் சொல்லாமல் விட்டதும் எனக்கு விளங்கியது. கதவைப் பூட்டித் திறக்கும் அந்தத் திறப்பு லெஸ்லியிடம்தான் இருந்தது. கடைசிக் கப்பல் டிசம்பர் இருபத்தோராம் திகதிதான் உருளைகளை இறக்கிவிட்டுப் போயிருந்தது. அவற்றைப் புத்தகத்தில் பதிந்து முடிக்க லெஸ்லிக்கு நாள் கிடைக்கவில்லை. புயலுக்குப் பிறகு நனைந்து கூழாகிக் கிடந்தவற்றை அள்ளிக் கொட்டியபோது, உருளைகளின் நடுவில் இருக்கும் மரக்குழல்களை எண்ணித்தான் எத்தனை உருளை என்று பதிந்தார்கள். மரக்குழல்கள் போதவில்லை. செத்துப்போனவரிடம் விளக்கம் கேட்க முடியாது. அவர் விற்றுவிட்டார் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எவருக்கும் சுலபம்.

"அவன்ர சேமலாப நிதிக் காசையும் உமக்குத் தராமல் நிப்பாட்டி வைச்சிருக்கினம்" என்றார்.

"அது கிடக்கட்டும் ஐயா."

"ஓம். பேர்தான் பெரிசு." எழுந்து குடையை எடுத்தார். "அந்தப் பெரிய தாள் உம்மட்டத்தானே இருக்கு? அவன் எழுதினதை வாசிக்கிறதுக்கு உம்மை விட்டா ஆளில்லை. 1964ஆம் வருசத்துக்கு ஒவ்வொரு உருளைக்கும் விளக்கம் எழுதித் தாரும். நான் கையெழுத்துப் போட்டு அனுப்புறன். ஆகஸ்ட் கடைசித் திங்கள்வரைக்கும் தவணை."

இதையெல்லாம் இப்போது, பதினேழு வருடங்களுக்குப் பிறகு எழுதுவதில் யாருக்கும் கேடில்லை. கம்பனி இல்லை, பாக்கியரத்தினத்தார் இல்லை, இனி இந்தக் கதையில் வரப்போகிற மனிதர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

லெஸ்லி போன பிறகு அலுமாரியின் மேல்தட்டில் சுருட்டி வைத்திருந்த அட்டவணையை எடுத்து விரித்தேன். 1964ஆம் ஆண்டின் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. வாசிகசாலையில் எங்கள் நாட்டு அறிக்கையைப் பார்த்தேன். நோர்வே ஆலை அனுப்பிய பட்டியலைப் பாக்கியரத்தினத்தார் தந்தார். "நோர்வே" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, நானே எழுதினேன். இரண்டு பேர் செய்த வேலையை ஒருவர் செய்யும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் ஓர் அமைதி வந்துவிடுகிறது. அந்த அமைதிக்குள் சில வேளை ஒரு மணித்தியாலம் போய்விடும். நான் பேனையோடு உட்கார்ந்திருப்பேன். பனியில் மரம் விழும் சத்தம், அந்த மரம் கூழாகி, விரிந்து, காய்ந்து, சுருண்டு கப்பலேறுவது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் மெதுவாகப் போகும். பிறகு விழித்துக்கொண்டவளைப்போல அடுத்த வரிக்குப் போவேன்.

இருபது நாட்களில் பெரும்பகுதி விளங்கிவிட்டது. டிசம்பரில் அங்கே ஏற்றிய இரண்டு பெரிய தொகுதிகள் பெப்ரவரியில்தான் இங்கே வந்திருந்தன. அவை கடலில் இருந்தவை. நனைந்து அழிந்தவற்றின் மரக்குழல்கள் இருந்தன. கூலி, காப்புறுதி, நாணய மாற்று எல்லாவற்றையும் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். கடைசிக் கப்பலின் சரக்குச் சீட்டில் நூற்றறுபது உருளைகள். எங்களிடம் இருந்த மரக்குழல்கள் நூற்று நாற்பத்தொன்பது. பதினொன்று மிஞ்சி நின்றது. எந்தப் பக்கத்தால் போனாலும் அந்தப் பதினொன்றில்தான் வந்து முட்டினேன். லெஸ்லி களவெடுத்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பதை எந்த மையில் எழுதுவது?

அந்தக் கிழமை ஒரு முற்பகல், கருவாட்டுப் பெட்டியை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் படலையடியில் நின்றாள். முக்காட்டின் நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள்.

"கிளாக்கர் ஐயாட வீடு இதுதானே? நீங்கதானா அவர்ட பொஞ்சாதி?"

"ஓம். உள்ளுக்கு வந்து இருங்கோ ராத்தா."

"இரிக்க வரல்ல. ஒண்டு சொல்ல வந்தனான்" என்று சொல்லிக்கொண்டே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். பெயர் றுக்கியா. ஊர் துறைக்கு அப்பால் கிண்ணியா. கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றும் எங்கள் கம்பனித் தோணிகளில் வேலை செய்கிற ஆதம்பாவாவின் மனைவி. கிளாக்கர் ஐயா கடதாசியை வித்துப்போட்டார் என்று கரையில் கதை நடக்கிறதாம். கேட்டதிலிருந்து தொண்டையில் சோறு இறங்கவில்லையாம்.

"புயலண்டைக்கு என்ட மனுசனுக்குச் சோறு கொண்டு கரைக்குப் போனநான், தங்கச்சி. காத்துக்குத் தொறை கடக்கிற பாதை ஓடல்ல. ஊருக்குப் போக ஏலா. தண்ணி கரைய உட்டு மேல வருது. எங்கட சனம் முப்பது நாப்பது பேர், புள்ளையளோட. ஒங்கட ஆள்தான் கிட்டங்கிக் கதவத் தொறந்து, உள்ளுக்கு வாங்க எண்டவரு. கம்பனி ஏசும் எண்டு இவரு சொன்னாரு. 'ஏசுறதுக்குக் கம்பனி மிஞ்சவேணுமே ஆதம்பாவா' எண்டாரு."

நான் படிக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்தேன்.

"கூரை பாதி போய்ட்டு. நனையாத ஆளில்ல. புள்ளையளுக்குக் குளிரில பல்லு அடிக்கிது. அவரு கத்திய எடுத்து ஒரு உருளைய வெட்டினாரு. சேலைக்கடை முதலாளி மாதிரி முழம் போட்டு அளந்து, ஒவ்வொருத்தராச் சுத்தி உட்டாரு. 'நோர்வேச் சீலை. கிழிச்சுப் போடாதீங்க, நான் கணக்குக் காட்டவேணும்' எண்டு வேற சொல்றாரு. அந்தப் பயத்துக்குள்ளயும் நாங்க சிரிச்ச சிரிப்பு." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். "விடிஞ்சு காத்து அடங்கிட்டு. கந்தோர் யன்னல் தொறந்து கிடக்கு, புத்தகமெல்லாம் நனையும் எண்டு போனவரு. மேல ஒரு தகரம், ஒத்தத் தகரம், தொங்கிக்கிட்டுக் கிடந்திருக்கு."

வேப்பமரத்தில் காகம் ஒன்று கிளை மாறி உட்கார்ந்தது.

"நாங்கதான் அவரைச் சுத்தின" என்றாள் றுக்கியா. "உள்ளுக்க நடுவில கொஞ்சக் கடதாசிதான் காஞ்சு கிடந்த. வேற என்னத்தால சுத்துற?"

பிறகு, கேட்காமல் இருந்திருக்கலாமோ என்று பின்னால் பலமுறை நினைத்த அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அது ஒரு உருளை, ராத்தா. மற்றப் பத்தும்?"

அவள் கருவாட்டுப் பெட்டியின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "சனிக்கிழமை ஊருக்கு வாங்க. கண்ணால பாத்துட்டு எழுதுங்க" என்றாள்.

சனிக்கிழமை அட்டவணையைச் சுருட்டித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு, மைக்கூடுகளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் சொல்வதை எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டால் போதும். கதவைத் திறந்தது குற்றம் என்று சொன்னாலும் களவு என்று சொல்ல ஏலாது. லெஸ்லியின் பெயர் சுத்தமாகிவிடும். பாதை என்று நாங்கள் சொல்கிற அந்த மிதவையில், இரண்டு மாட்டுவண்டிகளுக்கும் ஒரு லொறிக்கும் இடையில் நின்று துறையைக் கடக்கும்போது, பேசவேண்டிய வசனங்களை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டேன்.

றுக்கியாவின் வீடு கரையோரமாக இருந்தது. அந்த வரிசையில் இருபத்தாறு வீடுகள். எல்லாம் புயலுக்குப் பிறகு எழும்பியவை. விழுந்த தென்னைகளின் ஓலை கூரைகளோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மரமே இல்லாத ஊரில் ஓலைக்கு எங்கே போவது? சுவர்களுக்குக் கடதாசி. கிட்டங்கியில் நனையாமல் எஞ்சிய பத்து உருளைகளையும் வெட்டிய உருளையின் மரக்குழலையும், கம்பனி ஆட்கள் வருவதற்கு முன், தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து பிரித்திருக்கிறார்கள். கம்புகளில் மூன்று நான்கு மடிப்பாக இழுத்துக் கட்டி, மழைக்குத் தாங்குவதற்காகத் தோணிக்குப் பூசும் சுறா எண்ணெயைப் பூசியிருந்தார்கள். எண்ணெய் ஊறிய கடதாசி வெளிச்சத்தை உள்ளே விட்டது. குனிந்து நுழைந்தபோது கண்கள் ஒரு கணம் குழம்பின. பகல் முழுவதும் தேன் நிறமாகிவிட்டிருந்தது. பாய், குடம், தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் பாதம், எல்லாம் அந்த நிறத்தில் இருந்தன. சுவரில் ஓரிடத்தில் ஆலையின் முத்திரை தலைகீழாகத் தெரிந்தது: ஊசி இலை மரம் ஒன்று, வேர் மேலேயும் நுனி கீழேயுமாக. கடற்காற்று வந்தபோது நான்கு சுவர்களும் மெல்ல உள்ளே வந்தன. பிறகு மெல்ல வெளியே போயின. தூங்குகிற பெரிய உயிர் ஒன்றின் உடலுக்குள் நிற்பதைப்போல இருந்தது. ஆறு கிழமை கடலில் கழித்து, பதினான்கு வருடத்துக் கணக்கில் நான் வெறும் எண்ணாக எழுதிவந்த கடதாசியை, லெஸ்லியைச் சுற்றி வந்ததை விட்டால், அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தொட்டுப் பார்த்தேன்.

ஆதம்பாவா வாசலுக்கு வெளியே குந்தியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எழுதுங்க தங்கச்சி" என்றார். "தோணியில ஏத்தினது நான். என்ட பேரைப் போடுங்க. அந்த மனுசன்ட பேரை உட எங்கட பேர் பெரிசில்ல."

"போடட்டும், போடட்டும்" என்றாள் றுக்கியா. "வேலையும் போய், இவரு மறியல்ல குந்தினா, அங்கயும் நான்தானே சோறு தூக்கணும். அண்டைக்குத் தூக்கினது காணாது பாருங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரி."

"நான் சும்மாதான் இரிக்கன். இந்தச் சுவரைத்தான் வந்து உரிச்சிக்கிட்டுப் போவானுகள்."

அவள் எனக்கு முன்னால் பாயை விரித்தாள். அட்டவணையை விரித்து, நான்கு மூலைகளிலும் சிரட்டைகளை வைத்தேன். 1950 முதல் 1963 வரை, கறுப்பு, சிவப்பு, பென்சில். லெஸ்லி ஓர் எண்ணையும் தன் வசதிக்கு மாற்றியவர் அல்ல. ஒரு நாட்டுக்காரன் அச்சில் விட்ட பிழையைக்கூட, "அது அவன்ர தொகை, நாங்கள் தொடக்கூடாது" என்று அப்படியே எழுதச் சொன்னவர். அவருடைய பெயரைச் சுத்தமாக்க வேண்டுமானால் உண்மையை எழுதவேண்டும். உண்மையை எழுதினால் ஆதம்பாவா மறியலில் அடைக்கப்படுவார். இருபத்தாறு வீடுகள் சுவரில்லாமல் நிற்கும். அடுத்த மாரிக்கு இரண்டு மாதம் இருந்தது. எழுதாமல் விட்டால் அந்தப் பதினொன்றும் லெஸ்லியின் தலையில். பேனையைத் தொட்டு எடுத்தேன். மை காய்ந்தது. மறுபடி தொட்டேன். குழந்தை புரண்டு படுத்தது. சுவர் உள்ளே வந்து வெளியே போனது. லெஸ்லி இப்போது எங்கே இருக்கிறார் என்று அந்த நேரத்தில் வெகு சாதாரணமாக ஒரு கேள்வி மனதில் வந்தது. ஒரு கரையில் போய்விட்டார் என்று எழுதிவிட்டார்கள். மற்றக் கரையைப் பற்றி எனக்குக் கிடைத்த அறிக்கை எதுவும் இல்லை.

தாளைப் புரட்டிப் பின்பக்கத்தை மேலே வைத்தேன். "கப்பலோடு போனவை" என்ற வரிசையின் கீழே, 1956க்கும் 1959க்கும் பிறகு, என் மிக நல்ல எழுத்தில், கறுப்பு மையில் எழுதினேன்: 1964 டிசம்பர் 21. நோர்வே. கரையில் இறங்கியவை 149. இறக்கப்படாமல் கப்பலோடு போனவை 11. இன்னும் திரும்பவில்லை.

அந்த அட்டவணையில் இருந்த ஒரே பொய் அது. அதன் பெறுமதியையும் கணித்து, நோர்வேயின் கட்டத்தில் கழித்தேன். எல்லாம் சரியாக வந்தது.

"என்ன எழுதின, தங்கச்சி?" என்று றுக்கியா கேட்டாள்.

"பதினொரு உருளை கரைக்கு வரவே இல்லை எண்டு."

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப இது?"

"இது உங்கட சுவர், ராத்தா."

ஆதம்பாவா வெளியே இருமினார். யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. றுக்கியா தேநீர் வைக்க எழும்பிப் போனாள்; சீனி போதாதென்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ஏசியதும் கேட்டது.

திங்கட்கிழமை காலை கந்தோரில் பாக்கியரத்தினத்தார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். முன்பக்கம் முடிந்தது. பின்பக்கத்தில், கடைசி வரியில், விரல் நின்றது. அது அங்கேயே இருந்தது.

"இருபத்தோராந் திகதி நானும் கரையில நிண்டனான், பிள்ளை. லெஸ்லி எண்ண எண்ண நான்தான் உருளைக்கொரு கோடு போட்டனான்."

எனக்கு அது தெரியாது. தோணி இறக்கத்தின்போது அவரும் நின்றதை லெஸ்லி சொல்லியிருக்கவில்லை. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கோடு போட்ட அந்தத் தாள் புயலில் போய்விட்டது என்பது அவருக்கும் எனக்கும் தெரியும். கோடு போட்ட ஆள் எனக்கு முன்னால் இருந்தார்.

"பதினொண்டும் இன்னும் கடலிலயோ?"

"ஓம், ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "அண்டைக்கு மழை இருட்டு" என்றார். "எனக்கும் கண் முந்தின மாதிரி இல்லை." பேனையை எடுத்துக் கீழே கையெழுத்திட்டார். ஒற்றுத்தாளை அதன்மேல் வைத்து, தேவைக்கு மேல் வெகுநேரம் அழுத்தினார். பிறகு தாளை மடித்துக் கொழும்புக்குப் போகிற பைக்குள் போட்டுவிட்டு, வேறொரு கோப்பைத் திறந்தார். கொழும்பு என்ன சொல்லும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் இறங்குதுறைப் பக்கமாக நடந்தன. துறைமுகத்தின் நடுவே நீலக் கரை போட்ட வெள்ளைப் புகைக்குழாயோடு ஒரு கப்பல் நங்கூரமிட்டிருந்தது. அதிலிருந்து புறப்பட்ட சரக்குத் தோணி ஒன்று மண்ணிற உருளைகளை நிமிர்த்தி அடுக்கிக்கொண்டு கரையை நோக்கி வந்தது. உருளைகளின் மேல் ஆதம்பாவா நின்றார். காற்றில் இடுப்புச் சாரம் புடைத்திருந்தது. என்னைக் கண்டிருப்பார் என்று நினைக்கிறேன், கையை உயர்த்தவில்லை. வெயிலுக்கு நெற்றியில் கை வைத்தபடி, அசையாமல், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் பளபளத்தது. கப்பலிலிருந்து எவ்வளவு தூரம், கரைக்கு எவ்வளவு தூரம் என்று என்னால் மட்டிட முடியவில்லை. துடுப்புகள் ஒன்றாக எழுந்தன, ஒன்றாக விழுந்தன, மறுபடி எழுந்தன. என் கண்ணுக்குத் தோணி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.